அத்தி இலையில் வைத்த சோறு

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். பிணவறைக்குப் பக்கத்து வார்டில் வருஷக்கணக்காக வேலை பார்த்திருக்கிறேன், ஒரு பேயும் வந்து என்னிடம் மணி என்ன என்று கேட்டதில்லை. அருவருப்பும் எனக்குக் கிடையாது. சீழ், ரத்தம், வாந்தி எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த நிமிஷம் டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்புச் சோறு சாப்பிட்டவள். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை, ஆனால் பாதியில் சிரித்தீர்கள் என்றால் நிறுத்திவிடுவேன், ஆமாம்.

என் வீட்டுக்காரர் மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு மூலக்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பக்கவாதம் வந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ரெட்டியார்பாளையம் வீட்டில் முன் அறையில்தான் கட்டில். மாசக்கணக்கில் படுத்துப் படுத்து முதுகிலும் இடுப்பிலும் புண் வைத்துவிட்டது. நான்தான் கழுவினேன், நான்தான் மருந்து வைத்தேன், ஆள் வைக்கவில்லை. ஒரு நாள்கூட அவர் எதிரில் மூக்கைப் பொத்தியதில்லை, முகம் சுளித்ததில்லை, 'சீ' என்ற ஒரு எழுத்து என் வாயிலிருந்து வந்ததில்லை. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏனென்றால் அவருக்கு ரோஷம் ஜாஸ்தி. சாப்பிடும்போது யாராவது ஒரு வார்த்தை தூக்கலாகப் பேசினால் போதும், பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவார். பிசைந்த உருண்டை தட்டில் அப்படியே கிடக்கும்.

அவர் சாப்பிடுகிற விதமே தனி. சோறு களியாகிற வரைக்கும் பிசைவார். கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஸ்கேல் வைத்த மாதிரி வரிசையாக அடுக்குவார். "இன்னாங்க, கறிவேப்பிலைக்கு அட்டென்டன்ஸ் எடுக்கறீங்களா?" என்று கிண்டல் பண்ணுவேன். அவர் போன பிறகு அமாவாசைக்கு அமாவாசை மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்கிறேன். காக்காய் வாய் வைக்காமல் என் வாயில் தண்ணீர்கூடப் படாது. அதில் மட்டும் நான் கறார். பேயை நம்பாதவள் இதை மட்டும் எப்படி நம்புகிறாய் என்று கேட்காதீர்கள், அது வேறு, இது வேறு.

என் நாத்தனார் ரேவதி பிரான்ஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். போன வருஷம் அவள்தான் பிடிவாதமாக என்னை இத்தாலிக்குக் கிளப்பினாள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சின்னக் குரூப், கூட்டிப்போனது நம்ம ஊர் நசீர் தம்பி, நல்ல பையன், மரியாதையான பையன். ரேவதி பிரான்ஸிலிருந்து நேரே அங்கே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். ஓடி ஓடிப் பார்க்கிற டூர் இல்லையாம். ஒரு கிராமத்தில் தங்கி, ஒரு நாள் மண் பாண்டம், ஒரு நாள் தோல் பதனிடுவது, ஒரு நாள் பாலாடைக்கட்டி என்று ஆற அமர உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஊர் அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டம், வெயில்கூட அங்கே சாந்தமாக அடிக்கிறது. ஆனால் நாற்றம்! தோல் ஊறப்போட்ட தொட்டியை எட்டிப் பார்த்ததும் எனக்குக் காலையில் தின்ற பன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உத்தரத்தில் பன்றித் தொடையைத் தொங்கவிட்டு, அதைப் பச்சையாகச் சீவி, மெழுகுத் தாள் மாதிரி நாக்கில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி ரசிக்கிறார்கள். நசீர் தம்பியும் நானும் ஒரு கட்சி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எலுமிச்சை ஊறுகாயும் ரொட்டியும் தின்றோம். எனக்கே ஆச்சரியம், ஆஸ்பத்திரியில் வராத குமட்டல் இங்கே ஏன் வருகிறது என்று.

பாலாடைக்கட்டி பண்ணுகிற பண்ணைக்குப் போன அன்றைக்குத்தான் மாளய அமாவாசை. கிளம்புவதற்கு முன்பே எனக்கு அந்தக் கவலை இருந்தது. ரேவதி போனில் அடித்துச் சொன்னாள்.

"காக்கா இல்லாத ஊரு எங்கனா இருக்குதா அண்ணி? நீங்க வாங்க, நான் பாத்துக்கறேன்."

அவளை நம்பிச் சின்ன ரைஸ் குக்கர், துவரம்பருப்பு, நெய், காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குக் காலையிலேயே குளித்துவிட்டு, தங்கியிருந்த அறையில் சோறு வடித்து, பருப்பு தாளித்து, டப்பாவில் எடுத்துக்கொண்டேன். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

பண்ணைக்காரர் தொப்பையும் சிரிப்புமாக ஒரு மனுஷன். எல்லாரையும் தரைக்கு அடியில் இருந்த கல் அறைக்கு இறக்கிக் கூட்டிப்போனார். மரப் பலகைகளில் வட்ட வட்டமாகக் கட்டி, மேலே பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை, சிலதில் பிசுபிசுவென்று நீர் கோத்து நின்றது. குழந்தையைத் தடவுகிற மாதிரி அவர் ஒவ்வொன்றாகத் துணியால் தடவிக் காட்டினார். அந்த அறையின் கோடியில் ஒரு நாற்றம் இருந்தது பாருங்கள், மற்ற நாற்றம் மாதிரி இல்லை அது. இனிப்பாக, கனமாக, மூக்கில் ஏறினால் இறங்காத நாற்றம். எங்கேயோ தெரிந்த நாற்றம், ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடி வந்துவிட்டேன். ரேவதியும் பின்னாலேயே வந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு கல் சுவர், பக்கத்தில் ஓர் அத்தி மரம். வாழை இலைக்கு எங்கே போவது? இருப்பதிலேயே பெரிய அத்தி இலையாகப் பறித்தேன், காம்பிலிருந்து பால் கையில் பிசுபிசுத்தது. சுவர் மேல் இலையைப் போட்டு, சோறு வைத்து, பருப்பும் நெய்யும் விட்டு, ரெண்டு பேரும் கும்பிட்டோம். கா, கா என்று கூப்பிட்டோம். ஒரு காக்காய் இல்லை. அட, காக்காய் போகட்டும், ஒரு குருவி, ஒரு ஈ எறும்புகூட இல்லை. மலைப்பக்கம் எல்லாம் பார்த்துக் கூப்பிட்டேன். நசீர் தம்பி மேலே வந்து எட்டிப் பார்த்தான்.

"காக்கா இந்தப் பக்கம் வந்து பாத்ததே இல்லைன்றாரு மா பண்ணைக்காரரு. நீங்க சாப்டுங்கமா, முகமே வாடிப்போச்சு."

"நீ போ தம்பி. அவரு சாப்டாம நான் எப்டி சாப்டறது?"

அவன் கீழே போனான். ரேவதிக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணா, வாண்ணா, வந்து ரெண்டு வாய் சாப்டுண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு மயக்கம் வந்துவிடப் போகிறது என்று தண்ணீர் பாட்டில் எடுக்க பஸ்ஸுக்குப் போனாள். நான் தனியாக நின்றேன். அவர் பசியோடு எங்கேயோ நிற்கிறார், ஊர் தெரியாமல் தேடுகிறார் என்று தோன்றியது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவர் பெயரைச் சொன்னதே கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட மகனை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன், இப்போது உங்களிடமும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த மலையைப் பார்த்து, வாய்விட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சாப்பிட வாங்க என்றேன்.

காக்காய் வரவில்லை. முதலில் அந்த நாற்றம் வந்தது. கீழே அந்த அறைக்குக் காற்றுப் போக சுவரின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது, அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம், சளக், சளக் என்று. குனிந்து ஓட்டையைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் சத்தம் இலையிலிருந்து வருகிறது.

சோறு பிசைபட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பட்டப்பகலில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில். யாரும் இல்லை, விரல் இல்லை, ஆனால் சோறு அமுங்குகிறது, மறுபடியும் அமுங்குகிறது, பருப்பு பிதுங்கிச் சுவரில் வழிகிறது. மசிந்து மசிந்து களியாகிவிட்டது. பிறகு அதிலிருந்து ஓர் உருண்டை தானாகத் திரண்டது, பாதி காணாமல் போனது. மிச்சப் பாதியிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒரு கோழை நூல் விட்டு இறங்கி, சுவரைத் தாண்டி, என் செருப்புக்குப் பக்கத்தில் சொட்டியது. சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய், வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சீ! த்தூ! போ அந்தாண்ட!"

சத்தம் நின்றது, சட்டென்று, அடித்து நிறுத்தின மாதிரி. நாற்றமும் போய்விட்டது. நான் அத்தி மரத்தடியில் உட்கார்ந்து வெறும் வயிற்றோடு பித்தமாக வாந்தி எடுத்தேன்.

ரேவதி தண்ணீரோடு ஓடி வந்தாள். என்னைப் பிடித்துக்கொண்டே இலையைப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அது சந்தோஷ அழுகை.

"அண்ணன் சாப்ட்டுச்சு அண்ணி! தோ பாருங்க, கறிவேப்பில!"

எழுந்து பார்த்தேன். அத்தி இலையின் ஓரத்தில் நான் தாளித்துப் போட்ட கறிவேப்பிலை எல்லாம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஸ்கேல் வைத்த மாதிரி வரிசையாக இருந்தன. பக்கத்தில் பாதி உருண்டை கிடந்தது.

நசீர் தம்பி வந்து பார்த்துவிட்டு எலி ஏதாவது தின்றிருக்கும் என்றான். எலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன், இன்றைக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆனால் எந்த எலி கறிவேப்பிலையைப் பொறுக்கி அடுக்கி வைக்கும், நீங்களே சொல்லுங்கள். நான் பார்த்ததை ரேவதியிடம் சொல்லவில்லை. விட்ட வார்த்தையையும் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், நடுவில்தான் அதைச் சொன்னாள்.

"அந்த அண்டர்கிரவுண்டு ரூம்ல ஒரு வாசன வந்துச்சே, உங்களுக்குத் தெரில அண்ணி? கடைசியா அண்ணனப் பாக்க வந்தப்ப முன்ரூம்ல அதே வாசனதான். நான் வெளிய ஓடிட்டேன். நீங்க எப்டித்தான் அதுலயே இருந்தீங்களோ, சாமி!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் புண்ணுக்கு நாற்றம் இருந்தது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவர் என்பதால் மூக்கு சும்மா இருந்திருக்கிறது. அவர் இல்லை என்று நினைத்ததும் வயிறு புரட்டியிருக்கிறது. அப்படியானால் அங்கே வந்தது அவர்தானா? இல்லை, பெயரைக் கேட்டு வேறு எதுவோ வந்து அவர் மாதிரியே தின்றதா? டாக்டர்களோடு வேலை பார்த்தவள் நான், யோசித்துப் பார்த்துவிட்டேன், விடை கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்து அடுத்த அமாவாசைக்கு மாடியில் சோறு வைத்தேன். நம்ம ரெட்டியார்பாளையத்தில் காக்காய்க்குப் பஞ்சமா? கூப்பிட்டதும் வந்தன. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் வரிசையாக உட்கார்ந்து இலையைப் பார்த்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. சளக், சளக் என்று சத்தம் கேட்டது. நாற்றம் வந்தது. இத்தனை தூரம் கூடவே வந்துவிட்டதே! சோறு பிசைபட்டது, கறிவேப்பிலை ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போனது. சுவரில் அந்தக் கோழை வழிந்ததும் எனக்கு உவ்வே என்று ஒரு சத்தம் வந்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாம் நின்றுவிட்டது. பாதி உருண்டை அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் இதேதான். மகன் சோறு வைத்தால் ஒன்றும் நடப்பதில்லை, காக்காய் வந்து சாதாரணமாகத் தின்றுவிட்டுப் போகிறது. நான் வைத்தால்தான் அது வருகிறது. வைக்காமல் இருந்துவிடலாமே என்கிறீர்களா? அவராக இருந்தால்? நேற்று அமாவாசை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்று பார்த்தேன். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டது. அப்புறம் சத்தம் நின்றது, ஆனால் நாற்றம் மட்டும் போகவில்லை. யாரோ என் முகத்துக்குக் கிட்டே வந்து, நான் சுளிக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.