சிஞ்ஞோராவைப் பின்னால் நின்று பிடித்தவன்

பலெர்மோவின் ஒரேத்தோத் தெருவில் வாடகைக் கராஜ் ஒன்றில் முருகனுக்கு முதன்முதல் விளக்கு வைத்தவன் நான். கபோ சந்தைக்குப் பின்புறச் சந்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கச் செய்தவன் நான். தம்பிமார் எல்லாரையும் கூப்பிட்டு, தங்குவதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோ எடுத்துக் கொடுத்து, வேலையிலும் அமர்த்தினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இத்தாலி மொழியைக் குசினியில் நின்று காதால் படித்தேன். இதெல்லாம் பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனத்துக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பராமரித்து வந்தேன். கணவரை இழந்தவர். ஞாயிறு பின்னேரங்களில் அவர் வீட்டு வரவேற்பறையில் சில கிழவர்கள் கூடுவார்கள். பாதிரி கிடையாது, பூசை கிடையாது. மெழுகுதிரிகள், பழைய புத்தகங்கள், நடுவில் ஒரு வெறும் நாற்காலி. ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர்தான் தலைவர். மனிதன் முதலில் தன்னைக் கழுவ வேண்டும், பிறகு ஒளி தெரியும், கடைசியில் கடவுளோடு ஒன்றாவான். அங்கே தனியாகத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

சிஞ்ஞோராவுக்குச் சூப் கொடுக்கும்போது ஒருநாள் கேட்டேன். அவர் இத்தாலியில் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"ஒண்டாகிறதெண்டால் என்ன சிஞ்ஞோரா?"

"நான் இல்லாமல் போறது. அவர் மட்டும் மிஞ்சுறது."

"அப்ப இந்தச் சூப்பை ஆர் குடிக்கிறது?"

சிரித்தார். "உமக்குப் பகிடி. எனக்குப் பயமாய்க் கிடக்கு. விழுந்திடுவன் எண்டு பயம்."

கடவுளோடு ஒன்றாகத் தயாரானவரைத்தான் அந்த நடு நாற்காலியில் இருத்துவார்கள்; அதற்காக அவர் பாதி ஆயுள் காத்திருந்தவர். இதயம் பலவீனமாகிவிட்டதால், வருகிற ஞாயிறே அவர் அதில் இருக்கட்டும் என்று கூட்டம் முடிவு செய்தது. ஒரே ஒரு விதி: இருப்பவர் தானாக எழும்பும்வரை யாரும் தொடக் கூடாது.

அன்றைக்குச் சிரோக்கோ அடித்தது. அந்தச் சூட்டுக்காற்றில் ஜன்னல் பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றால்தானே! கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன். நடைக்கூடத்தில் போனேன், வந்தேன். ஒரேத்தோவிலிருந்து மனைவி தொலைபேசி எடுத்தாள்.

"ஏனப்பா மூச்சு வாங்குது? ஓடுறியளோ?"

"சும்மா நிக்கிறன்."

"நீங்கள் எந்தக் காலத்திலை சும்மா நிண்டனியள்?"

தொலைபேசியை வைத்ததும் உள்ளே நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. ஒரே தாளத்தில் கேட்டது. அந்தத் தாளம் எனக்குத் தெரியும். எங்கள் கராஜ் கோயிலில் ஒருவருக்கு உரு வந்து ஆடினால் இன்னொருவர் பின்னால் போய், இடுப்பில் துணியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் சாமி போய்விடும். விட்டால் ஆள் தலைகுப்புற விழும். அந்த வேலை எப்போதும் என்னுடையதுதான். என்னைப் போலப் பிடிக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

கதவைத் தள்ளினேன். சிஞ்ஞோரா உதறிக்கொண்டிருந்தார், தலை முன்னால் சரிந்தது. சுற்றியிருந்தவர்கள் கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் கிடந்த துவாயை அவர் இடுப்பில் சுற்றி, பின்னால் நின்று பிடித்தேன்.

"கையை எடும்! எல்லாத்தையும் கெடுக்கிறீர்!" என்று வக்கீல் கத்தினார்.

"எடுத்தால் விழுந்திடுவா."

"விழட்டும்! அங்கை தனியத்தான் போகவேணும்!"

சிஞ்ஞோரா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "விடாதையும்."

உதறல் நின்றது. துவாய் என் கையில் இருந்தது, துவாய்க்குள் உடம்பு இருந்தது, பாரம் மட்டும் இல்லை. எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன், அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. சிஞ்ஞோரா அமைதியானார், நான் பிடியை விடவில்லை. பிடிக்கிறவனுக்குச் சாமி வராது. கைச்சூடு மட்டும்தான் மிச்சம்.

பிறகு கண்ணைத் திறந்து, அழுது, தண்ணீர் கேட்டார். கட்டிலில் சாய்த்தபோது சொன்னார்: "நான் இல்லாமல் போகேல்லை. அவரும் இருந்தார், நானும் இருந்தன், நடுவிலைதான் ஒண்டும் இருக்கேல்லை. நீர் பிடிச்சபடியால்தான் நான் என்னை விட்டனான்."

அடுத்த வசந்தத்தில் அவர் இறந்துபோனார். கூட்டத்தார் அவர் நினைவாக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டார்கள். என் மகள் வாசித்துக் காட்டினாள். எந்த மனிதக் கையின் துணையுமின்றிச் சிஞ்ஞோரா கடவுளோடு ஒன்றானாராம்.

"பப்பா, இஞ்சை உங்களைப் பற்றி ஒண்டும் இல்லையே?"

அன்றைக்கு எழும்பியவன்தான், இன்னும் ஒழுங்காக உட்காரவில்லை. நேரே வக்கீல் வீட்டுக்குப் போனேன்.

"பின்னாலை ஒருத்தர் நிண்டவர் எண்டு எப்பிடி எழுதுறது? எங்கடை கொள்கை எல்லோ உடைஞ்சு போகும்?"

"கொள்கை உடையட்டும். சிஞ்ஞோரா உடையேல்லைத்தானே?"

கதவைச் சாத்தினார். இப்போது அந்தப் புத்தகத்தைத் திரும்ப அச்சிடப் போகிறார்கள் என்று கேள்வி. கூட்டத்தாரே, மனிதக் கையே இல்லை என்கிற அந்த வரியை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு யாழ்ப்பாணத்தான் துவாயோடு நின்றான் என்று போடுங்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம். சிஞ்ஞோராவின் பெயர் இருக்கிற பக்கத்திலேயே என் பெயரையும் போடுங்கள். பெயர் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஞாயிறுக்கு ஞாயிறு கோப்பி கேட்டு அந்தப் பெயரைத்தானே கூப்பிட்டீர்கள்!