வால் வெட்டிய ஜீப்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போயிருந்தேன். குளிக்க அல்ல. சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் குளிக்க வைக்க. சீசன் வந்துவிட்டால் தென்காசிக்காரனுக்கு இது ஒரு கூடுதல் உத்தியோகம். அவர்கள் அருவியில் நிற்பார்கள். நாம் துண்டு, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் காவல் காத்துக்கொண்டு சாரலில் நனைய வேண்டும்.

ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்கள். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். இன்னொருவர் பின்பக்கத் தகரத்தைத் தடவினார்.

“செம கட்டிங் அண்ணாச்சி. வெல்டிங் வச்ச இடமே தெரியல. எங்க குடுத்துப் பண்ணுனீங்க?”

அவர்களுக்கு ராயகிரியாம். வீட்டில் இதே மாதிரி பழைய நீள ஜீப் நிற்கிறதாம், அப்பாவுடையது. பின்னால் வெட்டிக் குட்டையாக்கி மலைப்பாதையில் ஓட்ட வேண்டுமாம். எவ்வளவு வெட்டலாம் என்று கேட்டார்கள்.

“ஒன்னே முக்கால் அடி” என்றேன்.

போன வருஷம் இந்தப் பத்தியில் இந்த ஜீப்பைப் பற்றி ஒரு வாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டேனே, ஞாபகமிருக்கிறதா? வெட்டிய வண்டி எப்படிக் குரங்கு மாதிரி பாறை ஏறுகிறது என்றெல்லாம் எழுதினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ‘ஜீப் என்ன ஆச்சு சார்?’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பதில் போடவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஜீப் என்னுடையது அல்ல. எங்கள் அண்ணனுடையது. வடகரையில் இருந்தான். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஆறடி உயரம். நான் அவன் தோளுக்குத்தான் வருவேன். சின்ன வயசில் எங்கள் வீட்டுச் சாப்பாடு முழுக்க இவன் காலுக்கே போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

வண்டி அவனுக்கேற்ற நீளம். பழைய டீசல், நாலு சக்கரமும் இழுக்கும். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு நீள சீட். அவற்றை மடக்கிப் பக்கவாட்டில் ஏற்றிவிட்டால் நடுவில் ஓர் ஆள் நிம்மதியாக நீட்டிப் படுக்கலாம்.

அப்படி எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்! வடகரையில் எங்கள் தெருவில் யாருக்கு முடியாமல் போனாலும் முதலில் அண்ணன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவன் சட்டையை மாட்டுவதற்குள் மதினி கோரைப்பாயை எடுத்து வந்து பின்னால் விரித்துவிடுவாள். பிரசவத்துக்குப் போனவர்கள் அதில்தான் பிள்ளையோடு திரும்பினார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கைவிட்டவர்களும் அதில்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் அண்ணன் வண்டியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவான். அதற்காக எவரிடமும் கைநீட்டியதில்லை. கேட்டால் முறைப்பான்.

இதற்குள் நான் எங்கே வந்தேன்?

எனக்கு ஐம்பது வயசுக்கு மேல் ஒரு கிறுக்குப் பிடித்தது. ஆஃப் ரோடு. தார் ரோடு நன்றாக இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் கல்லிலும் சேற்றிலும் வண்டி ஓட்டுவது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்தோம். எல்லாரிடமும் குட்டை வண்டி. நான் மட்டும் அண்ணனின் நீள ஜீப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். முதல் நாளே ஓர் ஓடைக்கரையில் மாட்டிக்கொண்டேன். பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நீட்டிக்கொண்டிருந்தால், முன்பக்கம் மேடு ஏறும்போது பின்பக்கம் தரையில் இடிக்கும். இடித்தது. கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே சிரித்தார்கள்.

சும்மா இருக்க முடியுமா? மறுநாளே வடகரையில் போய் நின்றேன்.

“அண்ணே, வண்டியோட வாலை வெட்டிருவோம்.”

“எதுக்குலே?”

“இடிக்கி.”

“இருவது வருஷமா நம்ம தோப்பு ஓடையில இடிச்சிக்கிட்டேதான் ஏறுது. உனக்கு என்ன வலிக்கி?”

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நீளம், வண்டியில் ஒரு நீளம் என்று இருக்கக்கூடாது என்றான். போலீஸ்காரன் புத்தி. அது நியாயம்தான். ஆனால் அவன் உண்மையாக யோசித்தது அதை அல்ல.

“ஏலே, பின்னாடி ஆள் படுக்கணும்லா?”

“இப்பம்லாம் போன் போட்டா ஆம்புலன்ஸ் வருதுண்ணே. நீ எந்தக் காலத்துல இருக்க?”

அவன் போய் இரண்டு சீட்டையும் மடக்கினான். வண்டிக்குள் ஏறி மல்லாக்கப் படுத்துக் காலை நீட்டினான். தலை முன் சீட்டைத் தொட்டது, பாதம் பின் கதவைத் தொட்டது.

“இப்பம் சொல்லு. எங்கன வெட்டுவ?”

நான் வெளியே நின்று, வண்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோடு அவன் முழங்காலுக்கு நேராக வந்தது. மதினி வாசலிலிருந்து பார்த்துவிட்டு, “அய்ய, ஆளையும் சேத்து வெட்டிராதீங்க தம்பி” என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மூன்று பேரும் விழுகிற மாதிரி அதை அப்படியே போனில் போட்டோ எடுத்தேன்.

அவன் எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயசில் என் கையில் மிட்டாய் தீர்ந்த பிறகு அவனுடையதைப் பார்ப்பேனாம். அதே பார்வை பார்த்திருப்பேன் போலிருக்கிறது.

“சரி, ஆசைப்பட்டுட்ட. வெட்டிக்கோ.”

தென்காசியில் ஒரு பட்டறையில் விட்டோம். ஒன்றே முக்கால் அடி. பின்பக்கத்தை அறுத்தெடுத்து, கதவை முன்னால் தள்ளி வைத்து, சைலன்சர் குழாயைக் குட்டையாக்கி, வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாய் வளைத்து அடித்து... மூன்று வாரம். ஸ்டெப்னி டயருக்கு வெளியே இடமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. நீள சீட் போய் அங்கே ஒரு சின்னப் பலகை.

வெட்டிய துண்டைப் பட்டறைக்காரர் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்றித் தோப்புக்குக் கொண்டுபோய் மோட்டார் ரூம் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டான். அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் அந்தத் தகரத்தின் மேல் நீட்டிக்கொள்வான்.

“இதுவும் நல்லாத்தாம்லே இருக்கு” என்றான் ஒரு நாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை வெறித்திருந்தது. நான் தென்காசியிலிருந்து போய் ஜீப்பை எடுத்து, அண்ணனையும் மதினியையும் ஏற்றிக்கொண்டு தோப்புக்குப் போனேன். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் கல்பாதை, நடுவில் அந்த ஓடை. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பாறைப் பக்கம் வண்டியை விட்டுப் பார்ப்பதாகத் திட்டம். என்னுடைய திட்டம்தான்.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே அண்ணன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழை இல்லை. வியர்வை.

“நெஞ்சு என்னமோ செய்யுதுட்டி” என்றான் மதினியிடம்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். நான் சொன்னது பொய்யாகவில்லை. வந்தது. சீக்கிரமே வந்தது. ஆனால் ரோட்டிலேயே நின்றது. ஓடையில் தண்ணீர் போகிறது, வண்டி இறங்காது, ஆளை இங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்று போனில் சொன்னார் டிரைவர். அவர் மேல் என்ன தப்பு?

முன் சீட்டில் உட்கார வைத்தால் சரிந்தான். தூக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றினோம். அவன் முதுகை மதினி தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். கால்? அந்த இரண்டு நீளக் காலையும் எங்கே வைப்பது? ஒரு பக்கம் ஸ்டெப்னி, மறுபக்கம் இரும்புக் குழாய், எதிரே கதவு. முழங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக் கதவைச் சாத்தினேன். நான்தான் சாத்தினேன்.

ஓடையில் இறக்கினேன். ஏற்றினேன். வால் இடிக்கவில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு சத்தம் இல்லாமல் ஏறியது.

ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“லே... காலக் கொஞ்சம் நீட்டணும்லே.”

“இந்தா வந்துட்டோம்ணே.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. “கால நீட்டணும் போல இருக்குலே.”

“தம்பி, கதவத் தொறந்து விட்டுறலாமா? அவுகளுக்கு முடியலயே” என்றாள் மதினி. அந்தக் கல்பாதையில் கதவைத் திறந்தால் ஆள் வெளியே விழுந்துவிடுவான். “ரோடு வந்துட்டு மதினி, ரோடு வந்துட்டு” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ரோடு வரவில்லை. மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. அடங்கிவிட்டான், வலி குறைந்திருக்கிறது என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் எனக்கு நல்லதாகத்தான் தோன்றியது.

ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக் காலை நீட்டிவிட்டார்கள். அப்போது அவனுக்கு நினைவில்லை. தென்காசி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது மூச்சும் இல்லை.

டாக்டர் நல்ல மனுஷர். என் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். பெரிய அட்டாக், நீங்கள் எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, படுக்க வைத்ததற்கும் உட்கார வைத்ததற்கும் இதில் சம்பந்தமே இல்லை. நான் தலையாட்டினேன். அவர் உயிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் மட்டும்தான் மனசில் இருந்தது.

தெருவில் அத்தனை பேரையும் வீடு கொண்டுவந்து சேர்த்தது அந்த ஜீப். அதன் சொந்தக்காரன் வாடகை வேனில் வந்தான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு மதினியிடம் போய் நின்றேன். தோப்பில் கிடக்கும் துண்டை எடுத்து மறுபடியும் ஒட்டிவிடுகிறேன், பட்டறையில் கேட்டுவிட்டேன், ஒட்டலாமாம் என்றேன். மதினி என்னைத் திட்டவில்லை. இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருக்கலாம்.

“எதுக்கு தம்பி? படுக்குத ஆளு போயாச்சு. அது அங்கனயே கெடக்கட்டும். அவுக கால் வச்ச இடம்.”

வண்டியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். விற்க மனசில்லை. மலைப்பக்கம் ஓட்டவும் மனசில்லை. கடைக்கும் அருவிக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆஃப் ரோடு நண்பர்கள் இப்போதும் கூப்பிடுகிறார்கள். இடுப்பு வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன மாதம் வடகரைத் தெருக்காரர் ஒருவர் போன் செய்தார். அவர் அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து டிஸ்சார்ஜ் செய்கிறார்களாம், இடுப்பெலும்பு ஆபரேஷன், படுக்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டுமாம். “ஜீப் ஃப்ரீயா இருக்கா சார்?” என்று ஆரம்பித்தவர், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “அட, அதான் வெட்டியாச்சுல்லா. மறந்துட்டேன், வச்சிருதேன்” என்று வைத்துவிட்டார்.

ஐந்தருவியில் நின்ற அந்த இரண்டு பேரும் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை எங்கே இருக்கிறது என்று வழி சொன்னேன். வெட்டாதே என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொன்னேன்.

“கோடு போடுததுக்கு முன்னாடி, உங்க வீட்டுல ரொம்ப உசரமான ஆளு யாரோ, அவங்கள ஒரு தடவ பின்னாடி படுக்கச் சொல்லிப் பாருங்க தம்பி.”

ஏதோ ஜோக் என்று நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தவன்தான்... போனில் போட்டோவே இருக்கிறது.