ஒரு காய்ச்சலுக்குள் இன்னொரு காய்ச்சல்

காய்ச்சல்காரர்கள் டாக்டரைக் கும்பிடுவார்கள், நர்ஸை அக்கா என்பார்கள், இரத்தம் எடுக்கப் போகும் எங்களைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். லேப்பில் குப்பை கொட்டும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா! திண்டிவனத்தில் ஐந்து வருஷம், இப்போது விழுப்புரத்தில் மூன்று வருஷம் நான் பார்த்ததில் கொஞ்சம் சொல்கிறேன்.

பாட்டிலில் வந்த சாட்சிகள்

திண்டிவனத்தில் ஆடு வளர்க்கும் ஒரு அம்மா, ஒரு வாரக் காய்ச்சலோடு வந்தார். கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே ஆட்டிலிருந்து பிடுங்கிய உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "இதுல எது கடிச்சுதுன்னு பாத்து சொல்லும்மா" என்றார். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வதைத் தருவது இந்த ஆட்டு உண்ணி இல்லை, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி, சோதனையும் உங்கள் இரத்தத்தில்தான் என்று விளக்கினேன்.

டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். எதுவுமே இல்லை. காய்ச்சலும் தானாகவே விட்டுவிட்டது. அந்த அம்மாவுக்கு மட்டும் முகம் வாடிப்போயிற்று.

"நாலுல ஒண்ணுகூட இல்லியா? இவ்ளோ தூரம் வந்ததுக்கு ஆட்டுக்காவது பாத்துக் குடும்மா."

இடுப்பில் கறுப்பாக ஒன்று

முகையூர்ப் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், வேலை செய்பவர் ஒருவருக்கு டெங்கு என்று நான்தான் ரிசல்ட் கொடுத்தேன். எட்டாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது. வாசலில் நின்ற அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் அவரைத் தலையிலிருந்து கால்வரை மறுபடி பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, கருகினாற்போல் ஒரு பொருக்கு.

"என்னய்யா இது?"

"பீடி நெருப்பு பட்டிருக்குங்க" என்றார் அவர், மனைவி வாசலில் நிற்பதை மறந்து.

பூச்சி கடித்த அடையாளம் அது. சோதித்தேன், டெங்குவோடு உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. அதற்கான மருந்து போன இரண்டாம் நாள் உடம்பு குளிர்ந்து, மூச்சு சீராகி, எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். மனைவி என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு காய்ச்சலயும் நீங்க பாத்துக்கினீங்க மேடம், பீடிய இனிமே நான் பாத்துக்கறேன்."

சந்தோஷச் செய்தி

கண்டமங்கலத்து லாரி டிரைவர் ஒருவருக்கு உண்ணிக் காய்ச்சல் உறுதியாகி, மருந்தும் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டில் ஆடுமளவுக்கு நடுக்கம். மலேரியாவுக்கு நான் முதல்நாள் பார்த்ததில் ஒன்றும் இல்லை. "ஒண்ணு கிடைச்சதும் தேடறத நிறுத்திடாதம்மா. நடுங்கும்போது எடுத்துப் பாரு" என்றார் டாக்டர். மலேரியா அதிகமுள்ள ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போய் வந்தவராம்.

நடுங்கும் கையில் விரல் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். கழுத்து வலித்தது. திடீரென்று ஒரு சிவப்பணுவுக்குள் குட்டி மோதிரம்போல் மலேரியாக் கிருமி! பக்கத்திலேயே இன்னொன்று. "கிடைச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினேன். எதிரே அவருடைய அம்மா.

மலேரியாவுக்கும் மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் நடுக்கம் நின்று, மகன் நடந்தே வெளியே வந்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது:

"எம்புள்ளைக்கு மலேரியான்னு இப்டி குதிச்ச ஆள இப்பதாம்மா பாக்கறேன்."

இரத்தம் எடுக்க ஒரே வருஷத்தில் பழகிவிட்டேன். வியாதியைக் கண்டுபிடித்தால் சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளத்தான் எட்டு வருஷமாகியும் வரவில்லை.