விளக்கணைச்சானின் தையல்

எங்கள் பட்டறை வரிசையின் கடைசி ஷெட்டில் இருப்பவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. விளக்கணைச்சான் என்றால்தான் தெரியும். மோதி நசுங்கிய கார்களை வாங்கி, தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து விற்பது அவன் தொழில். டேஷ்போர்டில் எரியும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கை அணைப்பது அவன் வித்தை.

ஒருமுறை வெடித்து விரிந்த ஏர்பேக் மறுபடி உதவாது. புதிதுதான் போட வேண்டும். அவன் போட மாட்டான். பை இருந்த இடத்தில் மிளகளவு ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுவான். பை பத்திரமாக இருப்பதாகக் காரின் கம்ப்யூட்டர் நம்பிவிடும். விளக்கு அணையும். கிழிந்த ஸ்டீயரிங் மூடியைக் கறுப்பு நூலால் தைப்பான். மோதலில் இறுகிப் பூட்டிக்கொண்ட சீட் பெல்ட்டை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைப்பான். தையல் மட்டும் அழகு. அதை ஒப்புக்கொள்ள எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

"பெல்ட் ஆளைப் பிடிச்சு நிறுத்தணும். மீறி முன்னால போற தலையைப் பை வாங்கிக்கணும். ரெண்டும் இல்லன்னா ஸ்டீயரிங்தானேடா நெஞ்சுல ஏறும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்குறவன் இடிக்கவாண்ணே வாங்குறான்? விளக்கு எரியுதான்னுதான் பார்க்குறான்."

வாங்க வருகிறவர்களும் அந்த லட்சணம்தான். சீட்டை அமுக்கிப் பார்ப்பார்கள், பாட்டை அலற விடுவார்கள். பெல்ட்டை இழுத்துப் பார்த்த ஒருவரை இருபது வருடத்தில் நான் கண்டதில்லை. பெல்ட் போடாவிட்டால் கேட்கும் சத்தத்தை நிறுத்த, வெறும் கொக்கி ஒன்றை இனாமாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். பக்கத்து ஷெட்டிலிருந்து இதையெல்லாம் பார்த்தும் வாயைத் திறக்காத நான் மட்டும் என்ன யோக்கியன்.

போன மாதம் அவன் மகள் ஒரு வெள்ளைக் காரில் வந்து இறங்கினாள். ஆறு மாதக் கர்ப்பிணி.

"எப்படிப்பா இருக்கு? உங்ககிட்ட வாங்கினா ஏமாத்திடுவீங்கன்னு உங்க மாப்பிள்ளை தரகர்கிட்ட வாங்கிட்டார்," என்று சிரித்தாள்.

அவன் குனிந்து ஸ்டீயரிங் மூடியின் அடி விளிம்பை விரலால் தடவினான். விரல் நின்ற இடத்தில் கறுப்புத் தையல் சீராக ஓடியது. அவன் விற்றபோது அந்தக் கார் சிவப்பு.

சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன்.

"இது உனக்கு வேணாம்மா. கிளட்ச் சரியில்ல. என் காரை எடுத்துக்கிட்டுப் போ."

"நல்லாத்தானே இருக்கு?"

"சொன்னா கேளு."

அவன் கார் புதிதாக வாங்கியது. அதில் ஒரு திருகைக்கூட அவன் தொட்டதில்லை. மகளை அதில் உட்காரவைத்து, பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டினான்.

"வயித்து மேல போடாத. வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்போட ஒட்டி வரணும். மேல் பட்டை வயித்தை விட்டு ஒதுங்கிப் போகணும். சீட்டைப் பின்னால தள்ளு. பை விரியறதுக்கு இடம் வேணும்."

அத்தனையும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்கிறான் என்று அதுவரை அவனைப் பாதி மன்னித்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளைக் கார் ஷெட்டில் இல்லை.

"பிரிச்சுப் போட்டுட்டியா?" என்றேன்.

"வித்துட்டேன்ணே."

"யாருக்கு?"

"யாரோ புருஷன் பொண்டாட்டி, கைக்குழந்தையோட வந்தாங்க," என்றான், ரெசிஸ்டர் டப்பாவை மூடியபடி. "விளக்கை மட்டும்தான் பார்த்தாங்க."