படிக்கிணற்றுக் கெண்டைகள்

ராசிபுரத்தில் நான் சயன்ஸ் வாத்தியார். கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடலைப் பற்றி வாய் கிழியப் பேசுவேன். வடக்கே குளிர்ந்த கடல்களில் கிரில் என்றொரு பூச்சி, கூனி இறாலைப் போல. தண்ணீரில் மிதக்கும் பச்சைத் தூளை அது தின்னும். மீனும் திமிங்கிலமும் அதைக் கூட்டம் கூட்டமாக விழுங்கும். ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் ஆட்டம் கண்டுவிடும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன்.

எங்கள் நெசவுத் தெருவில் பாதிப் பேர் சைவம். குடிக்கிற படிக்கிணற்றில் கெண்டைகள் நெளிவது எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஒரு கோடையில் தண்ணீர் கீழே போனதும், தறியிலிருந்து அறுத்த புதுச் சேலையை நான்கு பேர் பிடிக்க, நானே முன்னின்று ஒரு மீன் விடாமல் அரித்து ஏரியில் விட்டேன். தெருவே மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவில் எப்போதோ ஒருவருக்கு வரும் நரம்புச்சிலந்திப் புழு நோய், மறு கோடையில் வீட்டுக்கு வீடு வந்தது. என் மனைவியின் கணுக்காலில் கொப்புளம் உடைந்து வெள்ளை நூலாய்ப் புழு தலை நீட்டியது. அறுந்து உள்ளே நின்றுவிட்டால் காலே போய்விடும். தறிக்கு நூல் தார் சுற்றிப் பழகிய கையால் தினமும் ஒரு சுற்றாக அதை ஈர்க்குச்சியில் சுற்றினாள்.

பார்க்க வந்த சுகாதார அதிகாரி, கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலில் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. கிரிலுக்குத் தூரத்துச் சொந்தம்.

"இந்தப் பூச்சி வயித்துலதான் சிலந்திக் குஞ்சு இருக்குதுங்க. தண்ணியோட குடிச்சுடறீங்க. இனித் துணியில வடிகட்டிக் குடிங்க, புண்ணுக் காலோட கிணத்துல எறங்காதீங்க. மீன் இருந்திருந்தா இதையெல்லாம் தின்னுருக்குமே, ஒண்ணுகூட இல்லீங்களா?"

கரும்பலகையில் நான் போட்ட படம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈர்க்குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, எடுத்தது நீங்கதானே? நீங்களே கொண்டாந்து உடுங்க."

மறுநாள் காலை, அதே சேலையில் ஏரிக் கெண்டைகளைப் பிடித்துக் குடத்தில் போட்டுத் தலையில் சுமந்து வந்தேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவற்றைக் கிணற்றில் விட்டுவிட்டு வீடு திரும்பியபோது அவள் கையில் ஈர்க்குச்சி தனியாக இருந்தது. புழு அறுந்திருந்தது.

கெண்டைகள் பெருகின. இரண்டு வருஷத்தில் தெருவில் நோய் அடங்கியது. அவள் கால் மட்டும் நேராகவில்லை. கிணற்றுப் படி இறங்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.