முருகம்மாள் காத்த முப்பத்தைந்து கன்று

முருகம்மாளை நல்லவள் என்றுதான் சொல்வேன். என் கிடாவைப் பிடித்து அடைத்தவளும் அவள்தான், அதையும் சொல்வேன்.

கீழக்குயில்குடியில் பிறந்து, ஒத்தக்கடை தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் உக்கிரபாண்டி கல் உடைக்கப் போன இடத்தில் கல் சரிந்து, இடுப்பொடிந்து படுத்துவிட்டான். மழை பொய்த்த எண்பத்துமூன்றாம் வருடம் அது. அந்த வருடம்தான் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். ஊருக்குள் வரும் ரோட்டோரம் நாற்பது மரக்கன்று நடுவது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கன்றைக் கடிக்கும் ஆடுமாட்டைப் பட்டியில் அடைப்பது. சொந்தக்காரர் கைநாட்டு வைத்து, அபராதம் கட்டி மீட்க வேண்டும். எட்டு நாளில் வராவிட்டால் ஏலம். தண்ணீர் ஊற்றும் வேலை முருகம்மாளுக்குக் கிடைத்தது. அதிலும் ஒரு கண்டிசன்: ஐந்து கன்றுக்கு மேல் பட்டுப்போனால் வேறு ஆள்.

ஒரு கன்றுக்கு ஒரு குடம். அரைக் குடம் ஊற்றி ஏமாற்ற அவளுக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், "மரத்துக்கு ஊத்துறத எங்க வாயில ஊத்தலாம்ல" என்று சீண்டுவார்கள்.

"குழிக்குள்ள வந்து படுங்கண்ணே, ஊத்துறேன்" என்பாள்.

அப்படியும் வெயிலில் மூன்று பட்டுவிட்டன. இரண்டைத் தின்றது என் கிடா.

என் கிடா என்று சொல்வதே தப்பு. மகன் காய்ச்சலில் கிடந்தபோது கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்ட கிடா எங்கே மேய்ந்தாலும் விரட்டக் கூடாது, கட்டவும் கூடாது. இன்னும் ஒரு கன்று போனால் முருகம்மாள் வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாமி ஆட்டைக் கட்ட மாட்டேன் என்று நின்றேன்.

மறுநாள் அவள் கிடாவின் கொம்பில் கயிற்றைப் போட்டு, பட்டிக்கு இழுத்துப் போய்விட்டாள். ஊரே வாயில் கை வைத்தது.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். கிளார்க் கிருபாகரன் நோட்டை விரித்தார்.

"ஆட்டுக்குச் சொந்தக்காரர் யாரு?"

"கருப்பசாமி."

"தகப்பனார் பேரு?"

"சாமிக்கு ஏதுய்யா தகப்பன்?"

"அப்ப ஒங்க ஆடுன்னு நீங்க கைநாட்டு வைங்க."

"என் ஆடுன்னு வச்சா நேர்த்திக்கடன் என்னாகுறது?"

"வைக்கலைன்னா ஏலம். சட்டம் சாமிக்கும் ஒண்ணுதான்."

வெளியே முருகம்மாள் குடத்தோடு நின்றாள். "சாமி குத்தம் ஒன்னச் சும்மா விடுமாடி?" என்றேன்.

"சாமி கோவிச்சா ஒரு கோழி அறுத்துச் சமாதானம் பண்ணிக்கிருவேன் மதினி. பஞ்சாயத்து கோவிச்சா அவருக்குக் கஞ்சிக்கு நான் எங்க போவேன்?"

அவள் சொன்னது நியாயம்தான். அதற்காக விட்டுக்கொடுத்துவிடுவேனா? திரும்ப உள்ளே போனேன்.

"கெடாவ விடுங்க. அதக் கட்ட மாட்டேன். அதுக்குப் பதிலா அம்புட்டுக் கன்னுக்கும் முள்ளு அடைக்கிறேன், என் கழுத்து ஒசரத்துக்கு."

கிருபாகரன் தலைவரைக் கேட்டுவந்து, 'சாமிக்காகப் பெற்றுக்கொண்டவர்' என்று எழுதினார். அபராதத்தைக் கட்டி, கைநாட்டு வைத்தேன்.

நாலு நாள் நானும் அவளும் கருவேல முள் வெட்டி, கன்று கன்றாக அடைத்தோம். கையெல்லாம் கீறல்.

"கட்டிப் போட்டிருந்தா ஒரு கயித்தோட போயிருக்கும் மதினி."

"வாய மூடிக்கிட்டு முள்ளப் பிடி."

கிடா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. மூக்கில் குத்தவும் போய்விட்டது.

மறு வருடம் ஆபீசர் வந்து எண்ணினார். "முப்பத்துநாலு" என்றார். ஒன்று குறைந்தாலும் வேலை போய்விடும். முருகம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. அப்புறம், "பாலத்துக்கு அங்கிட்டு ஒரு வேம்பு நிக்கிதுங்கய்யா, வாங்க" என்று, அவர் வருகிறாரா என்றுகூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அவரும் போனார். குனிந்து முள்ளுக்குள் பார்த்தார். முப்பத்தைந்து என்று திருத்தி எழுதினார்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அன்றைக்கு இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை.