பிளேன் ஊற்றப் போனவள்

யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடையில் "ஒரு பிளேன்" என்று சொன்னால் பாலில்லாத தேநீர் வரும். விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று சித்தப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, பிளேன் ஊத்தப் போறியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிக்க வசதியிருந்தது.

இப்போது என்னிடம் வர்த்தக விமானி உரிமம் இருக்கிறது, வேலை இல்லை. நீர்வேலியில் அப்பாவின் வாழைத்தோட்டத்தில் பாதி அந்த உரிமத்துக்குள் போய்விட்டது. மீதிப் பாதியில் நின்றுகொண்டு அவர் பலாலியில் இறங்கப் போகும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார். "உன்ரை பிளேன் வருகுது" என்பார். அது என்னுடையது இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு ஏறாது. சில நாட்களில் எரிந்து விழுந்திருக்கிறேன். மறுநாளும் அண்ணாந்து பார்ப்பார்.

நான் சும்மா இருக்கவில்லை. பெரிய விமானக் கம்பனிக்கு எழுதினேன். பறந்த மணித்தியாலங்கள் போதாது என்றார்கள். மணித்தியாலம் சேர்க்க வேலை வேண்டும், வேலைக்கு மணித்தியாலம் வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் ஒரு நாள் வாழைக்குத் தண்ணீர் இறைக்க விடுவேன். மலிவு விலையில் ஆட்களை ஏற்றும் கம்பனி அவ்வளவு மணித்தியாலம் கேட்கவில்லை. தங்கள் ஜெட்டை ஓட்டும் பயிற்சியை மட்டும் என் செலவில் முடித்துவிட்டு வரச் சொன்னது. அதற்கு மற்றப் பாதித் தோட்டத்தை விற்றாலும் காசு காணாது. மிஞ்சியது, சின்ன விமானங்களை வைத்துப் பக்கத்து நகரங்களுக்கு ஓடும் பிராந்தியக் கம்பனி. அப்பா அண்ணாந்து பார்ப்பது அவர்களுடைய விமானத்தைத்தான். கடலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பனி என்பதால் அந்த நாட்டு உரிமம் வேண்டுமாம். என் தலைக்கு மேலால் போய் என் ஊருக்குப் பக்கத்தில் இறங்குகிற விமானத்தில் பயணியாக ரிக்கெற் வாங்கினால்தான் எனக்கு இடம்.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்புப் பக்கத்தில் நான் படித்த பறப்புப் பள்ளியின் முகாமையாளர் தொலைபேசியில் வந்தார். யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல் ஒன்றில், உயர்தரப் பரீட்சை முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கூட்டம் வைக்கிறார்களாம், நான் வந்து பேச வேண்டுமாம். "கூட்டம் நல்லாப் போனால், பயிற்றுநர் இடம் ஒண்டு இருக்குது மிஸ். யோசிப்பம்" என்றார்.

பயிற்றுநர் என்றால் மாணவரோடு சேர்ந்து நானும் பறப்பேன். மணித்தியாலம் ஏறும். பெரிய கம்பனியின் கதவு அப்போதாவது திறக்கும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கூட்டத்தன்று அவர் ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார். தோளில் தங்க நிறக் கோடுகள். எந்த விமானத்திலும் நான் உழைத்துப் பெறாத கோடுகள். "சும்மா ஒரு வடிவுக்கு" என்றார். போட்டுக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. படங்கள் காட்டினார்கள். நான் மேடையில் எழுந்து பேசத் தொடங்குமுன்பே முன்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் இப்ப எந்தக் கொம்பனியிலை ஓடுறியள்?"

முகாமையாளர் என்னைப் பார்த்தார். பயிற்றுநர் இடம் அவர் கண்ணில் தெரிந்தது. ஆனால் அந்த மனிதரின் நகத்துக்குள் செம்மண் இருந்தது. என் அப்பாவின் நகமும் அப்படித்தான்.

"நான் ஒண்டிலையும் ஓடேல்லை ஐயா. வீட்டிலைதான் இருக்கிறன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய கம்பனி கேட்டது, மலிவுக் கம்பனி கேட்டது, தலைக்கு மேலால் போகும் விமானம், பாதித் தோட்டம். பயிற்றுநர் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது. இத்தனை வீட்டுத் தோட்டங்களாவது தப்பட்டும் என்று நினைத்தேன்.

அந்தத் தகப்பன் எழுந்து பின்னால் திரும்பினார்.

"பாத்தியளோ, ஒண்டும் மறைக்காமல் சொல்லுகினம். உப்பிடிப் பள்ளிக்கூடத்தை நம்பிப் பிள்ளையளை விடலாம்."

"ஓம், அதோடை இது பொம்பிளைப் பிள்ளை. அதாலை எடுக்காமல் விட்டிருப்பாங்கள். எங்கடை பெடியனுக்கு உந்தக் கரைச்சல் வராது" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு தாய்.

பெயர் பதியும் மேசையில் வரிசை நீண்டது. நான் மேடையிலேயே நின்றேன். கத்த வேண்டும் போலிருந்தது. எதைக் கத்துவது? சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

முகாமையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷம்.

"மிஸ், பிரமாதம்! வவுனியாவிலையும் மட்டக்களப்பிலையும் இப்பிடியே கதையுங்கோ. ஒரு சொல்லும் மாத்த வேண்டாம்."

"பயிற்றுநர் இடம்?"

"அதை வேறை ஆராவது செய்வினம். உங்களை மேலை அனுப்பிப்போட்டு நான் கீழை ஆரை வைச்சுக் கதைக்கிறது?"

விலகிப்போய்ச் சுவரோரம் தேநீர் வைத்திருந்த மேசைக்கருகில் நின்றேன். அப்போதுதான் வேறொரு தாய் மகனோடு அவசரமாக உள்ளே வந்தார். பஸ் பிந்திவிட்டதாம். வேர்த்து விறுவிறுத்திருந்தார். என் வெள்ளைச் சட்டையையும் தோளில் இருந்த கோடுகளையும் ஒருமுறை பார்த்தார். ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளை என்று முடிவெடுத்துவிட்டார்.

"பிள்ளை, ரெண்டு பிளேன் ஊத்தித் தாங்கோ."

சித்தப்பா நினைவுக்கு வந்தார். கோப்பைகளை எடுத்து வைத்தேன். ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் இரண்டும் ஊற்றினேன்.

"சீனி காணுமோ அம்மா?" என்று கேட்டேன்.